மாப்ளே, கதவுக் கீறலைப் பற்றி

கோயம்புத்தூர்,
ஆவணி முதல் வாரம்

அன்புள்ள மாப்ளே,

கடிதமும் போட்டோக்களும் கிடைத்தன. அம்மா வாக்கர் இல்லாமலே பூஜை அறை வரை நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. பிசியோதெரபிக்கு வருகிற பெண்ணை இன்னும் இரண்டு மாதத்துக்கு நிறுத்திவிடாதே. வலி குறைந்ததும் நிறுத்துவதுதான் நம் வீடுகளில் வழக்கம்.

மருமகன் காரை ரிவர்ஸ் எடுக்கும்போது கேட் கொண்டி கார்க் கதவைக் கீறி இழுத்துவிட்ட விஷயத்தை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறாய். போதும், விடு. பழகுகிற கை எங்கேயாவது இடிக்கத்தான் செய்யும். ஆள் மேல் படாமல் கேட்டோடு போயிற்றே என்று தங்கச்சி சொன்னதுதான் சரி. சாவியைப் பீரோவில் பூட்டி வைத்தாயாமே, முதலில் அதை எடுத்துக் கொடு.

இன்சூரன்ஸில் போட்டு அந்தப் பக்கம் இரண்டு கதவையும் முழுசாக அடித்துவிடலாம் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நாலு வருஷமாக கிளைமே போடாமல், பிரீமியத் தள்ளுபடியாக 45 சதவீதம் நோ கிளைம் போனஸ் சேர்த்து வைத்திருக்கிறாய். அடுத்த முறை 50 ஆகும், அதற்கு மேல் ஏறாது. இந்த ஒரு கதவுக்காக கிளைம் போட்டால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும். பிறகு 20, 25, 35 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். உன் வண்டி 1500 சிசிக்குள் என்பதால், கிளைமிலும் முதல் 1,000 ரூபாய் உன் கையிலிருந்துதான் போகும். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார். வெளிப் பட்டறையில் காசு கொடுத்துச் செய்வதே லாபமாக வரும்.

இனி கீறல். கதவை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கோட்டின் மேல் ஈரக் கையால் தடவிப் பார். தண்ணீர் பட்டதும் கோடு மறைந்தால் அது மேலே இருக்கிற லேக்கரோடு, அதாவது நிறமில்லாத பளபளப்புப் பூச்சோடு, நின்றுவிட்டது என்று அர்த்தம். நகத்தைக் குறுக்கே இழுத்தால் மாட்டாமல் வழுக்க வேண்டும். அப்படியானால் ரப்பிங் கம்பவுண்டும் பாலிஷுமே போதும். அதிலும் கை அளவாக இருக்க வேண்டும். பிரைமர், கலர், லேக்கர் எல்லாம் சேர்த்தே கம்பெனி பெயின்ட் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் கொஞ்சமும். அதில் லேக்கர் 40, 50 மைக்ரான் இருந்தால் அதிகம். பாலிஷ் மிஷினை ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் சில நிமிஷத்தில் லேக்கரைத் தாண்டி கலரைத் தொட்டுவிடும். 'தேய்க்கத் தேய்க்கப் போயிரும்' என்று சொல்கிறவனிடம் வண்டியைக் கொடுக்காதே.

போட்டோவில் கைப்பிடிக்குக் கீழே தெரிகிற மெல்லிய கோடுகள் பாலிஷில் போய்விடும். நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு விழுந்திருப்பது போகாது. அதன் முனையில் செம்பழுப்பாக ஒரு புள்ளி தெரிகிறதே, எனக்கு அதுதான் கவலை. உங்கள் தூத்துக்குடிக் காற்றில் இரும்பைத் திறந்து போடலாமா? துரு கீறலோடு நிற்காமல் பெயின்ட்டுக்கு அடியில் பக்கவாட்டில் ஊர்ந்து போய், பிறகு கொப்புளமாக எழும்பும். பட்டறைக்குக் கொண்டுபோகும் வரை அந்தப் புள்ளியை மட்டும் உப்புத்தாள் நுனியால் சுரண்டிவிட்டு, டச்சப் பெயின்ட்டைப் பல்குச்சியால் தொட்டு வை. பாட்டிலோடு வருகிற பிரஷ் கீறலைவிட அகலமாக அப்பிவிடும்.

கலரைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன்னுடையது சில்வர், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சாதாரண வெள்ளை, சிவப்பு என்றால் இவ்வளவு பாடு இல்லை. சித்திரையில் எவனோ பார்க்கிங்கில் பைக் ஹேண்டில்பாரால் என் வண்டிக் கதவை இழுத்துவிட்டுப் போனான். என்னுடையதும் சில்வர்தானே, சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு டிங்கரிங் பெயின்டிங் பட்டறையில் கொடுத்து, லீவு போட்டுக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன்.

கலர் கோடு, அதாவது அந்த நிறத்துக்குக் கம்பெனி வைத்திருக்கிற குறியீடு, எழுதிய ஸ்டிக்கரோ தகடோ, கதவைத் திறந்தால் தூணிலோ பானட்டுக்குள்ளோ இருக்கும். அதைச் சொன்னால் பெயின்ட் கடையில் அளந்து கலந்து தந்துவிடுவார்கள். டப்பா கைக்கு வந்ததும் மேட்ச் ஆகிவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். பெயின்டர் சிரித்தார். "கலர் கோடு ஒண்ணுதானுங்க, ஆனா ஒவ்வொரு லாட்டுலயும் சாயல் கொஞ்சம் மாறுமுங்க. அதுபோக உங்க வண்டி எத்தன வருசம் வெயில்ல நின்னிருக்குது?" என்றார். முதல் வேலையாகக் கதவில் ஒரு கை அகலத்துக்குப் பாலிஷ் போட்டார். அழுக்கும் மங்கலும் போனால்தான் வண்டியின் சொந்த நிறம் தெரியும், அதற்குத்தான் கலக்க வேண்டும்.

பிறகு ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஒரே கப்பில் இருந்த பெயின்ட்டை, ஒரு துண்டில் ஸ்ப்ரே கன்னைக் கிட்டத்தில் பிடித்து ஈரமாக அடித்தார். இன்னொன்றில் காற்றைக் கூட்டித் தள்ளி நின்று உலர்வாக அடித்தார். இரண்டிலும் லேக்கர் போட்டுக் காய்ந்ததும் என் கையில் கொடுத்தார். ஈரமாக அடித்தது ஒரு சாயல் கறுத்திருந்தது, உலர்வாக அடித்தது வெளுத்திருந்தது. ஒரே டப்பா, ஒரே கை! பெயின்ட்டில் கலந்திருக்கிற அலுமினியத் துகள்கள் எப்படிப் படுக்கின்றன என்பதில்தான் சில்வரின் நிறம் இருக்கிறதாம். ஈரத்தில் அவை அமிழ்ந்துபோகும், உலர்வில் மேலேயே நின்று வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கடையில் எவ்வளவு சரியாகக் கலந்து கொடுத்தாலும், மீதி மேட்சிங் கன் பிடிக்கிற கையில் இருக்கிறது.

அதற்கப்புறமும் விடவில்லை. அட்டையைக் கதவில் ஒட்டி வைத்து நேராகப் பார்த்தார், குனிந்து பக்கவாட்டில் பார்த்தார். நேரில் சரியாக இருந்தது, பக்கத்தில் இருட்டாக அடித்தது. துளி வெள்ளை சேர்த்தார். வெள்ளை பக்கச் சாயலை வெளுக்க வைக்கும், ஆனால் கூடினால் நேர்ப் பார்வையில் மினுக்கு செத்துவிடும். அதனால் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு புது அட்டை. ஜாக்கெட் துணி மேட்ச் பார்க்கிற பெண்கள் அதைக் கடைவாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிற மாதிரி, வண்டியையே வெயிலுக்குத் தள்ளிப் பார்த்தார். டியூப் லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நிறம் வெயிலில் பிரிந்துவிடும். பம்பரோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்காதே. அது பிளாஸ்டிக், பெரும்பாலும் பாடியோடு சேர்த்து அடிக்கிறதில்லை, புது வண்டியிலேயே சாயல் பிசகியிருக்கும்.

எல்லாம் செய்தாலும் நூற்றுக்கு நூறு வராது என்று அவரே சொன்னார். அதை மறைப்பதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கலரைக் கீறல் இருக்கிற இடத்தில் நிறைத்து அடித்து, வெளியே போகப்போக மெலிதாக்கிப் பழைய நிறத்தில் கரைத்துவிடுகிறார்கள். வித்தியாசம் ஒரு கோடாக நின்றால்தான் கண்ணுக்குப் படும், கரைந்துபோனால் தெரியாது. லேக்கரை மட்டும் அப்படிப் பாதியில் கரைக்கக் கூடாது, கதவு முழுக்கப் போட வேண்டும். பாதியில் விட்டால் அந்த விளிம்பு நாளாக ஆகத் தெரியும், உரியவும் செய்யும். என் கீறல் பின்கதவை ஒட்டி இருந்ததால் பின்கதவிலும் கொஞ்சம் கலரை இழுத்துக் கரைத்து, இரண்டுக்கும் லேக்கர் போட்டார். உனக்குக் கதவின் நடுவில்தான் விழுந்திருக்கிறது, ஒரே கதவுக்குள் முடிந்துவிடும். இரண்டு கதவையும் முழு நிறத்தில் அடித்தால், பின்கதவு முடிந்து பின் ஃபெண்டர் தொடங்குகிற இடத்தில் மறுபடி அதே வித்தியாசம் வந்து நிற்கும். சர்வீஸ் சென்டரில் இதைக் கேள், என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

நம் காலத்து அம்பாசடருக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. மேலே தனியாக லேக்கர் கிடையாது, மினுக்கு கிடையாது. டூகோ பெயின்ட் அடித்து, தேய்த்து, பாலிஷ் போட்டால் முடிந்தது.

வண்டியைக் கொடுக்கும்போது கைப்பிடியையும் கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கையும் கழற்றச் சொல். டேப் ஒட்டி ஒப்பேற்றினால் அந்த ஓரத்திலிருந்துதான் பெயின்ட் முதலில் உரியும். சிலிக்கான் கலந்த டேஷ்போர்டு பாலிஷ் எதையும் கதவுப் பக்கம் கொண்டுபோகாதே. அது துளி பட்டிருந்தாலும் பெயின்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். அடிப்பதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிக்கிறார்களா என்று பார், உங்கள் ஊர்ப் புழுதிக்கு அது கட்டாயம். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன் முடித்துவிடு. ஈரக் காற்றில் லேக்கர் பளபளப்பு வராமல் மங்கிவிடும். முடிந்ததும் ஒரு மாதத்துக்கு வாக்ஸ் போடாதே.

ஒன்று எழுதாமல் இருக்க முடியவில்லை. பட்டறையில் பெயின்டர் முகத்துக்குச் சரியான மாஸ்க் போட்டிருந்தார். கூட வேலை பார்க்கிற பையன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான். லேக்கரில் கலக்கிற ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடிய சரக்கு. துண்டு அதைத் தடுக்காது. பெயின்டரிடம் சொன்னேன். "வாங்கிக் குடுத்தா போட மாட்டேங்கிறானுங்க" என்றார். இருபது வயசுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. எனக்கு மனசு கேட்கவில்லை, அவனையே தனியாகக் கூப்பிட்டும் சொன்னேன். தலையை ஆட்டினான்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் மதினி... இல்லை, உன் அக்கா என்றுதான் அவளைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் சண்டைக்கு வருவாள். மாடியில் கீரைப் பாத்தி போட்டிருக்கிறாள், அணில் மிச்சம் வைத்ததை நாங்கள் சாப்பிடுகிறோம். எனக்கு ரிட்டயர்மென்ட் பேப்பர்கள் எல்லாம் நகர்ந்துவிட்டன. புரட்டாசியில் திருச்செந்தூர் வரலாம் என்று யோசனை. வந்தால் உன் வீட்டில் இரண்டு நாள் தங்குவோம், தங்கச்சியிடம் சொல்லி வை.

கலர் கோடு தெரிகிற மாதிரி அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பு. கீறலையும் நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று எடு. சிங்காநல்லூர்க்காரரிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

உன் பழைய ரூம்மேட்