சுளுக்கிய காலை உருவிவிடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஏதாவது ஒரு தோட்டத் திடலில் காற்பந்துப் போட்டி இருக்கும். கிண்ணம், ரொக்கப் பரிசு, பந்தல், ஒலிபெருக்கி, சாப்பாடு என்று எல்லாவற்றையும் ஏற்பாட்டுக் குழுவினர் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள், அதற்கு அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஒரு பையன் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால் மட்டும் இன்றைக்கும் ஒரு தைலப் புட்டியும் உருவிவிட ஒரு ஆளும்தான்.

போன மாதம் கண்ணால் பார்த்தேன். டிராக்டர் தடம் காய்ந்து இறுகிக் கிடந்த திடல் ஓரத்தில் ஒரு பையனுக்குக் கால் மடங்கியது, கொஞ்ச நேரத்தில் கணுக்காலின் வெளிப்பக்கம் முட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. இரண்டு பேர் தோளை அமுக்கிப் பிடிக்க, ஓர் அண்ணன் தைலம் ஊற்றிக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி உருவினார், பையன் ஜெர்சியைக் கடித்துக்கொண்டு அழுகையை அடக்கினான். அப்புறம் துணி சுற்றி, இரண்டாம் பாதியில் ஆட இறக்கிவிட்டார்கள்! யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது, சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய வைத்தியம் அது.

கால் மடங்கும்போது எலும்புகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார்கள் கிழிகின்றன, உள்ளே இரத்தம் கசிகிறது. அந்த நேரத்தில் உருவினால் கசிவும் வீக்கமும் கூடும், எலும்பில் விரிசல் இருந்தால் அது விலகவும் கூடும். முதல் இரண்டு நாளுக்கு உருவக்கூடாது, சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைத்து எடுத்து, காலை உயரத் தூக்கி வைத்து, அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டியதுதான். அந்தக் காலை ஊன்றி நாலு எட்டு நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்துக்கொண்டிருக்கும் எலும்பின் பின்பக்கத்தை அழுத்தினால் உயிர் போகிற மாதிரி வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம், நம் ஊரிலேயே அரசாங்க மருத்துவமனையும் இருக்கிறது, பிறகு ஏன் தயங்க வேண்டும்? ஒரு தடவை சுளுக்கிய கால் சரியாக ஆறுவதற்குள் ஓடினால் திரும்பத் திரும்பச் சுளுக்கும். இருபது வயதுக்குள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்ட திறமைசாலிகள் எத்தனை பேர் நம் தோட்டங்களில்!

விழாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. பிஃபா அமைப்பே '11+' என்று 20 நிமிடப் பயிற்சி ஒன்றை வகுத்திருக்கிறது. மெதுவோட்டம், ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது, குதிப்பது, தொடைக்கும் வயிற்றுக்கும் வலு சேர்ப்பது, கடைசியில் வேக ஓட்டம். வாரத்தில் இரண்டு மூன்று தடவை விடாமல் செய்த குழுக்களில் காயங்கள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு பந்தும் திடலும் போதும், காசு செலவே இல்லை. நம் பையன்களோ லோரியிலிருந்து குதித்து நேராக ஆட்டத்துக்கு ஓடுகிறார்கள்.

வெயிலும் சும்மா விடாது. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆட்டம் வைப்பதை நிறுத்துங்கள். யாராவது தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ களைப்பு என்று விட்டுவிடாமல் நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 999-ஐ அழையுங்கள். இடி கேட்டால் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரும் கட்டடத்துக்குள்ளோ வாகனத்துக்குள்ளோ போய்விட வேண்டும், ரப்பர் மரத்தடிக்கு அல்ல, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் திரும்ப வேண்டும்.

அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அடிக்கும் குழுவினரை ஒன்றே ஒன்று கேட்கிறேன். குழுக்களிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பெட்டி ஐஸ் வாங்கி வையுங்கள், முதலுதவி படித்த ஒருவரைத் திடலில் உட்கார வையுங்கள். ஆடலாமா வேண்டாமா என்று அவர் சொல்வதுதான் முடிவு என்று அந்த நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு காற்பந்து ரசிகர்,
சுங்கை சிப்புட், பேராக்