ஓட்டை என்று சொல்லுமுன் ஒரு தாளில் வரைந்து பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காலப்பயணத் தொடர்கள் எல்லாமே லாஜிக் ஓட்டைகள், ரசிகர்கள்தான் சப்பைக்கட்டு கட்டுகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் குறை சொன்ன ஜெர்மன் தொடர் 'டார்க்'கையே எடுத்துக்கொள்வோம். இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடுங்கள்.

தொடரில் காலம் கடக்க உதவும் குகைவழி 33 ஆண்டு தாண்டும் என்றால் 2019, 1986, 1953, அடுத்தது 1920தானே, இரண்டாம் சீசனில் 1921 எப்படி வந்தது என்று கேட்கிறார். முதல் சீசனின் கதை நடப்பது 2019 நவம்பரில். இரண்டாம் சீசன் 2020 ஜூனில். இங்கே ஏழு மாதம் கழிந்தால் அந்தப் பக்கத்திலும் ஏழு மாதம் கழிந்திருக்கும். ஆகவே 2020, 1987, 1954, 1921. மாறாமல் இருப்பது இடைவெளி மட்டும்தான். ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கும்.

33 என்பதும் வாய்க்கு வந்த எண் இல்லை. சூரிய, சந்திரச் சுழற்சி என்று தொடரிலேயே சொல்கிறார்கள். முஸ்லிம்கள் அதிகம் வாழும் மேலப்பாளையத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிறைக்கணக்கு ஆண்டுக்கு 354 நாள்; ரம்ஜான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே வரும். 33 ஆண்டில் அது 363 நாள், கிட்டத்தட்ட ஒரு முழு ஆண்டு. 1992இலும் மார்ச் முற்பகுதியில் நோன்புக்கஞ்சி காய்ச்சினார்கள், 2025இலும் அப்படியே.

அடுத்து, கடிகாரக்காரர் டான்ஹவுஸின் கால இயந்திரம் எங்கிருந்து தொடங்கியது என்ற கேள்வி. இதற்குத் தாள் வேண்டும். இடமிருந்து வலமாக ஆண்டுகளைக் குறித்து, ஆளுக்கொரு கோடு, பொருளுக்கொரு கோடு போடுங்கள். கோட்டின் மேல் ஆண்டை எழுதினால் குழம்பும். அந்த ஆளின் வயதை, பொருளின் பழமையை எழுதுங்கள். 1986இல் அவருடைய பட்டறை மேசையில் இரண்டு இயந்திரங்கள் இருக்கின்றன: அவர் செய்து முடிக்காத புதிது ஒன்று, எதிர்காலத்தில் இருந்து பழுதாகி வந்தது ஒன்று. பழையதைப் பார்த்துப் புதியதை முடிக்கிறார்; புதியதுதான் பின்னாளில் பழுதாகித் திரும்பி வருகிறது. கோட்டுக்குத் தொடக்கம் உண்டு, அது அந்தப் பட்டறை. பழையதே மறுபடி புதியதாகியிருந்தால், சுற்றுக்குச் சுற்று தேய்மானம் ஏறி, ஒருபோதும் கணக்கு சரியாகாது. அதுதான் உண்மையான ஓட்டை. இங்கே வட்டமடிப்பது செய்யும் விதம் மட்டுமே. அறிவுக்குத் தேய்மானம் கிடையாது.

பிரிட்டிஷ் தொடரான 'டாக்டர் ஹூ'வில் 2007இல் வந்த 'பிளிங்க்' எபிசோடிலும் இதே சங்கதிதான். 1969இல் மாட்டிக்கொண்ட காலப்பயணி டாக்டர், டிவிடியில் பதிவான காட்சியில் இருந்தபடி 2007இல் இருக்கும் சாலியோடு உரையாடுகிறார். சாலி பேசப் பேச லாரி எழுதிக்கொள்கிறார். அந்தத் தாளைப் பிறகு சாலி டாக்டரிடமே கொடுக்க, அதைப் பார்த்துத்தான் அவர் படிக்கிறார். சாலி பேசியது சாலியின் சொந்தச் சொல். டாக்டர் பேசியதை யாருமே முதலில் எழுதவில்லை. நெருடத்தான் செய்யும், ஆனால் முரண் எங்கே? இயற்பியலாளர் நோவிகோவ் 1980களில் சொன்ன விதி கேட்பதும் இவ்வளவுதான்: வட்டத்தில் உள்ள நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று பொய்யாக்கக் கூடாது.

அந்த வாசகர் சொன்னதில் ஒன்று நியாயம். எதைக் கேட்டாலும் "அது வேறு கிளை உலகம்" என்று சொல்லித் தப்பிக்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். 'டார்க்'கில் இரண்டாம் உலகம் கதைக்குள்ளேயே காட்டப்படுகிறது, அங்கே அந்தப் பதில் செல்லும். காட்டாத தொடருக்கு அதைக் கொண்டுபோய் ஒட்டினால் அது நம் கதை, அவர்கள் கதை அல்ல. 'டாக்டர் ஹூ'வில் வரும் "மாற்ற முடியாத நிலைப்புள்ளி"யும் அப்படித்தான்: எது மாறும், எது மாறாது என்று டாக்டருக்குத் தெரிகிறது, நமக்கு அளவுகோல் தரப்படவில்லை. அதை ஓட்டை என்றே ஒப்புக்கொள்கிறோம்.

மற்றக் குறைகளையும் சீசன், எபிசோடு எண்ணோடு அவர் எழுதினால், காட்சியை வைத்தே பேசலாம்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.