அண்ணா, இந்தக் குளிர்காலம் நான் வரவில்லை

அன்புள்ள அண்ணா,

நம் மீன்பிடிப் படகின் சாவி இதற்குள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும். நேரில் தராமல் இன்னொருவரிடம் கொடுத்து அனுப்பியதற்கு மன்னியுங்கள். நேரில் வந்திருந்தால் மீனையும் ஆழத்தையும் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரைத் திறந்து வைத்திருப்பீர்கள், காற்று திரும்பிவிட்டது என்றிருப்பீர்கள், நானும் மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்திருப்பேன். அது நடக்கக்கூடாது என்றுதான் வரவில்லை. மன்னிப்பும் கேட்கிறேன், செய்தது சரி என்றும் சொல்கிறேன். இரண்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலு பேர் படிக்கும் இடம் என்பதால் ஏரியின் பெயரையும் நாம் மீன் பிடிக்கும் அந்த மேடு இருக்கும் இடத்தையும் எழுதவில்லை. அந்த மரியாதையை நீங்கள்தான் பழக்கினீர்கள். வீட்டில் நடந்த பேச்சையும் விட்டுவிடுகிறேன். அண்ணி இதைப் படிப்பார் என்று தெரியும்; அவரிடம் நீங்கள் சொல்லாமல் விட்டதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி, அதனால் குளிர்ந்த மேல்நீர் இறங்கிக்கொண்டே இருக்கும், ஆழமான ஏரி மேலே உறைய அவ்வளவு நாள் பிடிக்கும் என்று எனக்குப் புரியவைத்ததே நீங்கள். அமெரிக்காவில் 501 மீட்டர் ஆழமுள்ள டாஹோ ஏரி குளிர்காலத்திலும் ஏன் உறைவதில்லை என்று காகிதத்தில் படம் போட்டுக் காட்டினீர்கள். கோடையில் ஆழத்துக்கு ஒதுங்கும் லேக் டிரவுட் மீன், மேலிருந்து கீழ்வரை ஒரே குளிரானதும் 5 மீட்டரிலும் நிற்கும், 50 மீட்டரிலும் நிற்கும். இரை எங்கேயோ அங்கே. மீன் எங்கே என்பதில் உங்களோடு வாதாட எனக்கு எதுவும் இல்லை. உங்கள் அளவுக்கு அந்த ஏரியைப் படித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

ஆனால் படகின் பின்பக்கம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. கண் திரையிலும் கரைச் சரிவிலும் இருக்கும். திரும்பிப் பார்த்தது அபூர்வம். இப்போது என் இடத்தில் பையனை உட்கார வைக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவனுக்குத்தான் இது.

முதலில் ராடு வளையங்கள், அதாவது தூண்டில் கோலில் நூல் ஓடும் வளையங்கள். காற்று பூஜ்யத்துக்குக் கீழே போனதும் நூல் சுமந்துவரும் தண்ணீர் வளையங்களில் உறையும். நுனி வளையம்தான் எல்லாவற்றிலும் சின்னது, அதுதான் முதலில் அடைபடும். அந்த நேரத்தில் பெரிய மீன் ஓடினால் நூல் நகராது, முடிச்சில் அறுந்து போகும். ஐஸை விரலால் உடைக்கக் கூடாது. வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் கீறினாலும் கழன்றாலும் பிறகு நூலை அதுவே அறுக்கும். ராடின் நுனியை ஏரிக்குள் சில நொடி முக்கிப் பிடித்தால் போதும். காற்று மைனஸ் 8 இருந்தாலும் தண்ணீர் பிளஸ் 4. ஐஸ் தானாக விட்டுவிடும். நூல் சுற்றிய ரீல் மட்டும் நனையவே கூடாது. நூல் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் டிராக் தட்டுகளுக்குள் போன தண்ணீர் உறைந்தால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், வெளியே எந்த அடையாளமும் தெரியாது. அதனால் கால்மணிக்கு ஒருமுறை ஒரு முழம் நூலைக் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்.

பல இழை பின்னிய பிரெய்டு நூல் இழைகளுக்கிடையே தண்ணீரைச் சுமந்து வரும், ஒற்றை இழையான மோனோ அவ்வளவு சுமக்காது. கடுங்குளிர் நாட்களில் மோனோ சுற்றிய ரீல்களை மாற்றி மாட்டியது நான்தான். "இன்றைக்கு ஐஸ் கம்மி" என்று சந்தோஷப்படுவீர்கள். ஐஸ் கம்மியில்லை அண்ணா.

அடுத்தது டவுன்ரிகர். படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வரி: கம்பியில் ஒரு ஈயக் குண்டைக் கட்டி ஆழத்துக்கு இறக்கி, தூண்டில் நூலை ஒரு கிளிப்பில் அதோடு மாட்டி, படகை மெல்ல ஓட்டிக்கொண்டு போவது. மீன் இழுத்ததும் கிளிப் விடும். எங்களிடம் இருப்பது 4.5 கிலோ குண்டு. டவுன்ரிகரின் அளவுமானி 30 என்று காட்டினால் குண்டு 30 மீட்டரில் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது வெளியே போன கம்பியின் நீளம். கம்பி செங்குத்திலிருந்து 30 டிகிரி பின்னுக்குச் சாய்ந்திருந்தால் குண்டு ஏறக்குறைய 26 மீட்டரில்தான் இருக்கும். குளிரில் லேக் டிரவுட் சோம்பலாக இருப்பதால் மணிக்கு 2 முதல் 2.5 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறோம், சாய்வு குறைவு. ஆனால் இந்த வேகத்தில்தான் ஆபத்தும். படகு திரும்பும்போது உள்பக்கத்துக் குண்டு வேகம் இழந்து கீழே இறங்கும், வெளிப்பக்கம் வேகம் பிடித்து மேலே வரும். சரிவுக்குப் பக்கத்தில் திரும்புவதாக இருந்தால், திரும்புவதற்கு முன்பே உள்பக்கக் குண்டை இரண்டு மூன்று மீட்டர் தூக்கிவிட வேண்டும். அதற்கு, படகை ஓட்டுபவர் வாயைத் திறந்து "திரும்புகிறேன்" என்று சொல்ல வேண்டும்.

அன்று நீங்கள் சொல்லவில்லை.

திரையில் ஆழம் 48-லிருந்து 31-க்கு ஏறியது. குண்டு 35-ல் இருந்தது. பாறை இடுக்கில் போய் உட்கார்ந்துவிட்டது. இது யாருக்கும் நடக்கும். டவுன்ரிகரின் பிரேக்கைக் குண்டின் எடையை மட்டும் தாங்கும் அளவுக்கு வைத்திருந்தால், மாட்டியதும் கம்பி தானாக வெளியே ஓடும், நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும். ஆனால் காலையில் பிரேக் தட்டில் ஐஸ் பிடித்து வழுக்கியது. வழுக்குகிறதே என்று நீங்கள் இறுக்கினீர்கள். ஐஸ் கரைந்து தட்டு காய்ந்த பிறகு அதைத் தளர்த்தவில்லை. 68 கிலோ வரை தாங்கும் எஃகுக் கம்பி, ஒரு முனை ஏரியின் அடியில், இன்னொரு முனை படகின் பின்மூலையில், எஞ்சின் இன்னும் முன் கியரில். பின்பக்கம் அமுங்கியது. அலை பின்னாலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

நீங்கள் ஓடிவந்து செய்ததைச் சொல்கிறேன். எஞ்சினை நியூட்ரலுக்குக் கொண்டுவரவில்லை. பிரேக்கைத் தொடவில்லை. இடுப்புவரை வெளியே சாய்ந்து, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து இழுத்தீர்கள். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறு உங்கள் மணிக்கட்டில் இல்லை. ஸ்டியரிங் பக்கத்தில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. உங்கள் வலது கையுறை கம்பியோடு சேர்ந்து டவுன்ரிகரின் உருளைவரை போய் நின்றது. லைஃப் ஜாக்கெட், வழக்கம்போல், இருக்கைக்கு அடியில். ஒரு அலை பின்விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து என் பூட்ஸை நிறைத்தது. நான் கட்டிங் பிளேயரை எடுத்துக் கம்பியை வெட்டினேன்.

உங்களைக் கேட்காமல் வெட்டினேன். அதற்காக வருத்தம் தெரிவிக்கச் சொன்னால் தெரிவிக்கிறேன், ஆனால் அடுத்த முறையும் வெட்டுவேன். "குண்டும் போச்சு, ஸ்பூனும் போச்சு" என்று கரைவரை திட்டிக்கொண்டே வந்தீர்கள். ஸ்பூன் என்ற அந்தப் பொய் இரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் என் காதில் விழுந்தது வேறு: நீங்கள் எதை இழந்திருக்கக்கூடும் என்பது உங்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

பையன் மனப்பாடம் செய்துகொள்ளட்டும். முதலில் பிரேக்கை முழுதாகத் தளர்த்து. பிறகு நியூட்ரல். மற்ற நூல்களைச் சுற்றி எடு. படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பி, வந்த திசைக்கு எதிர்ப்புறமாக மாட்டிய இடத்தைத் தாண்டிப் போ. போகும்போது தொய்யும் கம்பியைச் சுற்றிக்கொண்டே வா, இல்லாவிட்டால் புரொப்பெல்லரில் சிக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்தால் பெரும்பாலும் விடும். அலை அதற்கு இடம் தராவிட்டால் வெட்டு. கத்தி எஃகுக் கம்பியை வெட்டாது. கட்டிங் பிளேயர் கைக்கெட்டும் தூரத்தில், கயிறு கட்டித் தொங்க வேண்டும்.

இத்தனைக்கும் மீன் விஷயத்தில் உங்களைப்போலப் பொறுமையான ஆளை நான் பார்த்ததில்லை. லேக் டிரவுட் ஆழத்திலிருந்து வரும்போது காற்றுப்பையின் காற்றைத் தொண்டை வழியே விடும், நீர்மேல் குமிழி வரும். அதைப் பார்த்ததும் இழுப்பதை மெதுவாக்கி, அதற்கு அவகாசம் கொடுப்பீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும் காற்றில் செவுள் இழைகளும் கண்ணும் உறைந்துவிடும் என்று, விடப்போகும் மீனைப் படகுக்குள் ஏற்றவே விடமாட்டீர்கள். வலையைத் தண்ணீரிலேயே பிடித்து, கையுறையை நனைத்து, குறட்டால் தூண்டிலைக் கழற்றி, அதுவாக வாலை அடித்துப் போகும்வரை காத்திருப்பீர்கள். மெதுவாக வளரும் மீன், பெரிதாக இருந்தால் நம் பிள்ளைகளைவிட வயதானதாகக்கூட இருக்கும் என்பீர்கள். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் இந்தத் தொழிலில் எனக்கு ஆசையே வந்தது. ஒரு மீனை அரை நிமிடம் குளிர்காற்றில் வைக்க மனசு வராத மனிதர், தன் உடம்பை 4 டிகிரித் தண்ணீருக்கு மேலே இடுப்புவரை தொங்கவிடுகிறார். எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

நீச்சல் தெரியும் என்பீர்கள். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரைப் பற்றிச் சொல்லும் கணக்கு 1-10-1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. தன்னையறியாமல் வாய் பிளந்து மூச்சை இழுக்கும், அப்போது தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீர். அடுத்த 10 நிமிடம்தான் கையும் காலும் சொன்னதைக் கேட்கும். உடல் சூடு குறைந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் ஆகும். அந்த 1 மணி நேரம் மிதந்துகொண்டிருப்பவருக்குத்தான். ஜாக்கெட் இல்லாதவர் முதல் நிமிடத்திலோ கைகால் ஓய்ந்ததுமோ மூழ்கிவிடக்கூடும். படகு மணிக்கு 2 கிலோமீட்டரில் போனாலும், கில் ஸ்விட்ச் கயிறு கையில் இல்லாவிட்டால் அது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். கனமான குளிர் உடையோடு அதைத் துரத்தி நீந்திப் பிடிக்க முடியாது. பையனுக்கு உங்களைத் தூக்கி உள்ளே போடும் பலமும் இல்லை. எனக்கே இல்லை.

எஞ்சினைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. தண்ணீரிலிருந்து ஏற்றியதும் அதைச் சாய்த்து வைக்காமல் நேராக நிறுத்தினால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் வடியும். தங்கினால் இரவில் உறைந்து எஞ்சினின் வெளிக்கூட்டைப் பிளக்கும், அல்லது மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது பம்பின் ரப்பர் இறக்கைகளை முறிக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் பார்த்து வந்தது நான்தான்.

ஜாக்கெட் வாங்குவதென்றால் நுரை வைத்தது வாங்குங்கள். காஸ் சிலிண்டரில் ஊதிக்கொள்வது இலேசாக இருக்கும், ஆனால் கடுங்குளிரில் காஸ் அழுத்தம் குறைந்து மெதுவாகத்தான் ஊதும். குளிர்கோட்டின் மேலே போட்டுப் பார்த்து அளவெடுங்கள். சட்டையின் மேலே போட்டு வாங்கியது டிசம்பரில் பூட்டாது. பூட்டாததால்தான் உங்களுடையது இருக்கைக்கு அடியில் கிடக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அதை என்னிடம் சொல்லியிருக்கலாம்.

இரண்டு ஜாக்கெட், பையனுக்கும் உங்களுக்கும், துறையிலேயே போட்டுப் பூட்டியபடி. கயிறு மணிக்கட்டில். அப்படி நிற்கிறீர்கள் என்று பையன் போன் செய்தால் அன்றைக்கே வருகிறேன். மோனோ சுற்றிய ரீல்கள் என்னிடம்தான் இருக்கின்றன, கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
தம்பி