எட்டு ஆங்ஸ்ட்ராமுக்குள்

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலை குறுக்கே வந்துவிட்டது. கோபிக்காதே. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து படியேறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. பிசியோதெரபி பெண்ணைத் திட்டுவதை மட்டும் நிறுத்து. அவள் சொல்கிறபடி காலை மடக்கு. எனக்குக் கண்ணாடி பவர் மறுபடி ஏறிவிட்டது. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தால் வேறென்ன ஆகும்?

"இத்தனை வருஷமா உட்கார்ந்து அப்படி என்னத்தைத்தான்டி எண்ணிக்கிட்டிருக்கே?" என்று கேட்டிருந்தாய். முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதை விளக்குவது சுலபம் என்றுதான் நினைக்கிறேன். செய்யுளில் எந்தச் சொல்லை எதோடு சேர்த்துப் பொருள் கொள்வது என்ற பொருள்கோள் ஞாபகம் இருக்கிறதல்லவா, அது போதும்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. ஒன்றோடு ஒன்று கோக்கும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியே போய்விடும். மீதி சங்கிலியில் நிற்பதைத்தான் ரெசிடியூ என்கிறோம். கலைச்சொல்லில் 'எச்சம்'. ஆய்வகத்தில் ஒருநாள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டேன், காக்கை எச்சத்தை நினைத்துக்கொண்டு பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உன் வினையெச்சம்தான் நினைவுக்கு வந்தது. 'வந்து' என்று மட்டும் சொன்னால் காது அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கிறதே, ரெசிடியூவும் அப்படித்தான். அதை முடித்துவைக்கும் இன்னொன்று பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. நூறு இடம் தள்ளிக்கூட இருக்கலாம்.

குடலில் புரதத்தை வெட்டும் டிரிப்சினை எடுத்துக்கொள். அதன் வேலை மூன்று ரெசிடியூக்களின் கையில் இருக்கிறது: 57-ஆம் எண் ஹிஸ்டிடின், 102-ஆம் எண் அஸ்பார்டேட், 195-ஆம் எண் செரின். வரிசையில் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. சங்கிலி மடிந்த பிறகு பார், மூன்றும் தோளோடு தோள் உரசி நிற்கும். எங்கெங்கோ கிடக்கும் சொற்களைக் கொண்டுவந்து கூட்டினால்தான் செய்யுளுக்குப் பொருள் வரும் என்று நீ சொல்வாயே, அதே கொண்டுகூட்டு. எந்தச் சொல் எதோடு கூடுகிறது, அதாவது மடிந்த புரதத்தில் எந்த ரெசிடியூ எதைத் தொடுகிறது என்று தேடி எண்ணுவதுதான் என் பிழைப்பு.

இதற்கு நாங்கள் ஒரு படம் போடுவோம். ஒரு சதுரம், அதன் இரண்டு விளிம்பிலும் ரெசிடியூ எண்கள். எந்த இரண்டு நெருங்கி இருக்கின்றனவோ அங்கே ஒரு புள்ளி. ஹீலிக்ஸ் சுருளாக இருக்கும் பகுதி மூலைவிட்டத்தை ஒட்டித் தடித்த பட்டையாகத் தெரியும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு ரெசிடியூவும் தனக்கு நாலாவதாக வருவதோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டிருக்கும். சங்கிலியின் நீண்டு விரிந்த இரண்டு பகுதிகள், இழைகள் என்போம், பக்கத்தில் பக்கத்தில் ஒரே திசையில் ஓடினால் மூலைவிட்டத்துக்கு இணையான கோடு வரும். எதிரெதிராக ஓடினால் அதற்குக் குறுக்கே ஒரு கோடு. உன் பொருள்கோளிலிருந்தே நேர்நிரனிறை, எதிர்நிரனிறை என்று மனதுக்குள் பெயர் வைத்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்லலாம்.

சிக்கல் 'நெருங்கி' என்ற சொல்லில் இருக்கிறது. எவ்வளவு கிட்டே வந்தால் தொடுகிறது என்று சொல்வது? புதிதாக வரும் பிள்ளைகள் எல்லாரும் 8 ஆங்ஸ்ட்ராம் என்பார்கள். (ஒரு மில்லிமீட்டரை ஒரு கோடியாக வகுத்தால் ஒரு ஆங்ஸ்ட்ராம்.) ஏன் எட்டு என்று கேட்டால் பதில் வராது. எல்லாரும் போடுகிறார்கள், நாங்களும் போடுகிறோம் என்பதுதான் பதில்.

அந்த எட்டை எதிலிருந்து எதுவரை அளக்கிறாய் என்பதைப் பொறுத்து எல்லாம் மாறிவிடும். ஒவ்வொரு ரெசிடியூவிலும் சங்கிலியின் முதுகெலும்பில் ஒரு ஆல்ஃபா கார்பன் உண்டு, பக்கக் கிளை அதிலிருந்துதான் கிளம்பும். அந்த ஆல்ஃபா கார்பன்களுக்கு இடையே அளந்தால், முதுகோடு முதுகு ஒட்டி, பக்கக் கிளைகளை வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ரெசிடியூக்களும் 'தொடுகின்றன' என்று கணக்கில் வந்துவிடும். லைசினுக்கும் குளூட்டமேட்டுக்கும் நீளமான கைகள். உடம்பு இரண்டும் தள்ளி நிற்க, கைகள் மட்டும் கோத்து, எதிரெதிர் மின்னூட்டத்தால் ஒட்டும் உப்புப் பாலம் போட்டிருக்கும். அந்த ஜோடி நம் எட்டைத் தாண்டி வெளியே விழுந்துவிடும். அதனால்தான் பலர் பக்கக் கிளையின் முதல் அணுவான பீட்டா கார்பனிலிருந்து அளக்கிறார்கள், அது கை எந்தப் பக்கம் நீள்கிறது என்றாவது காட்டும். கிளைசினுக்கு அந்தக் கார்பனே கிடையாது, அதற்கு மட்டும் ஆல்ஃபா கார்பன். நான் பெரும்பாலும் ஹைட்ரஜனை விட்டுவிட்டு மற்ற எந்த இரண்டு அணுக்களானாலும் 4.5-க்குள் வந்தால் தொடர்பு என்று எடுக்கிறேன். உப்புப் பாலமா என்று பார்க்க, லைசின் அல்லது ஆர்ஜினைனின் நைட்ரஜனும் எதிரே இருக்கும் ஆக்சிஜனும் 4-க்குள். ஹைட்ரஜன் பிணைப்புக்கு 3.5. அடுத்தடுத்த ஆல்ஃபா கார்பன்கள் எப்படியும் 3.8-இல்தான் நிற்கும். அதை எண்ணிப் பெருமைப்படுவது பக்கத்துச் சொல்லைக் கொண்டுகூட்டு என்பது மாதிரி. அதனால் வரிசையில் ஒட்டியிருப்பவற்றை முதலிலேயே கழித்துவிடுவேன்.

இந்த 'எவ்வளவு கிட்டே' என்ற கேள்வியிலிருந்தே ஒரு பெரிய விஷயம் பிறந்திருக்கிறது. ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963-இல் வெளியிட்ட படம் இன்றைக்கும் புரத ஆய்வு நடக்கும் இடமெல்லாம் புழங்குகிறது. எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு தூரம் வரை வரலாம் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் இடித்துக்கொள்ளும் என்று பிரித்துக் காட்டினார்கள். மோதல் கணக்குதான், வேறொன்றுமில்லை.

சரி, என் அவமானக் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஒரு நொதியின் கட்டமைப்பு கையில் வந்தது. தொடர்புகளை எண்ணிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் லியூசின், ஐசோலியூசின், ஃபீனைல்அலனின் என்று ஏழெட்டு, யாரையும் தொடாமல் அம்போவென்று வெளியே தெரிந்தன. தண்ணீருக்கு ஆகாதவை அப்படி வெளியே நிற்குமா? ஏதோ ஒளிந்திருக்கும் மருந்துப் பிணைப்பிடத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக எனக்குள் ஒரே குதூகலம். பத்து நாள் அதற்குப் படமும் அட்டவணையும் போட்டு, குழுக் கூட்டத்தில் காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பெண், சேர்ந்து ரெண்டு மாதம்கூட ஆகவில்லை, "மேடம், இது உடம்புக்குள்ள தனியாவா இருக்கும்?" என்றாள்.

தனியாக இல்லை. அந்த நொதி இரட்டையாகத்தான் வேலை செய்யும். புரதத்தைப் படிகமாக்கி அணுக்களின் இடத்தைக் கண்டுபிடித்து எழுதிவைக்கும் கணினிக் கோப்பில், படிகத்தின் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய துண்டை மட்டும் போட்டிருப்பார்கள், அதில் ஒரு சங்கிலிதான் இருந்தது. மற்றதை எப்படிச் சுழற்றி உண்டாக்குவது என்று மேலேயே, ரிமார்க் 350 என்ற வரிகளில் எழுதியிருக்கிறது. நான் அணுக்களின் இடம் வரும் வரிகளை மட்டும் படிக்கச் சொல்லி நிரல் எழுதியவள், அதைப் பார்த்ததே இல்லை. சுழற்றிப் பார்த்தேன். என் 'ஒளிந்திருக்கும் இடம்' அத்தனையும் ஜோடிச் சங்கிலியின் மேல் கச்சிதமாகப் போய் ஒட்டிக்கொண்டது. தலைகீழாகவும் நடக்கும். படிகத்தில் நெருக்கி அடுக்கியதால் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சங்கிலிகளைப் பார்த்துவிட்டு, ஏதோ ஜென்ம பந்தம் என்று எழுதியவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொரு கூத்து. முதன்முதலில் நான் எழுதிய நிரல், ஒரு ஆர்ஜினைன் தன்னையே 0.7 ஆங்ஸ்ட்ராமில் தொடுகிறது என்று அச்சடித்தது. அதன் கை இரண்டு நிலையில் ஆடுவதால் இரண்டையும் கோப்பில் போட்டிருந்தார்கள். நான் இரண்டு ஆள் என்று எண்ணிவிட்டேன்.

ஒரு தொடர்பு தப்பிப்போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பாய். அரிவாள் செல் நோயைப் பார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6-ஆம் இடத்துக் குளூட்டமேட் போய் வாலின் வந்துவிட்டது, அவ்வளவுதான். ஆக்சிஜனை விட்டதும் அந்த வாலின், பக்கத்து ஹீமோகுளோபினில் 85-ஆம் ஃபீனைல்அலனினும் 88-ஆம் லியூசினும் இருக்கும் பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடொன்று கோத்துக் கோத்து நூலாகி, சிவப்பணுவின் வடிவமே கோணிப்போகிறது. இல்லாத இடத்தில் புதிதாக முளைத்த ஒரே ஒரு தொடர்பு செய்யும் வேலை இது.

"இப்போ எல்லாத்தையும் கம்ப்யூட்டரே மடிச்சுக் கொடுத்துடுதாமே, உனக்கென்ன வேலை?" என்று உன் பெரியவன் கேட்டதாக எழுதியிருந்தாய். நியாயமான கேள்வி. புரதம் எப்படி மடியும் என்று கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் நிரல் 2020-இல் செய்து காட்டியதைப் பார்த்து நானும் வாயைப் பிளந்தேன். 2024-இல் வேதியியல் நோபலில் பாதி அதற்குப் போனதும் தெரியும். ஆனால் அதன் வேரும் இந்தத் தொடர்புகளில்தான் இருக்கிறது. ஒரே புரதத்தைப் பல உயிரினங்களில் அடுக்கிப் பார்த்தால், ஓரிடம் மாறும்போதெல்லாம் எங்கோ தள்ளியிருக்கும் இன்னோரிடமும் சேர்ந்து மாறும். அப்படியானால் அந்த இரண்டும் மடிந்த நிலையில் தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று யூகிப்பது பழைய வழி. மடித்துக் கொடுத்ததை எண்ணவும் ஆள் வேண்டும். சோதனையில் வந்த கோப்பில் ஒரு நெடுவரிசையில் எண் பெரிதாக இருந்தால் அந்த அணு ஆடுகிறது, நம்பாதே என்று பொருள். ஆல்ஃபாஃபோல்ட் கோப்பில் அதே நெடுவரிசையில் எண் பெரிதாக இருந்தால் நம்பு என்று பொருள். இது தெரியாமல் நல்லதையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு, கந்தலை வைத்துக்கொண்டு எண்ணிய ஒருவரை எனக்குத் தெரியும். யாரென்று கேட்காதே.

காலை நீட்டி உட்கார்ந்து பாசி கோக்கிறேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா, உனக்கு ஒரு வேலை தருகிறேன். டிரிப்சினைத் தடுத்து நிறுத்தும் ஒரு குட்டிப் புரதம் உண்டு, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தது. மொத்தமே 58 ரெசிடியூ. அதன் 15-ஆம் லைசின் டிரிப்சினின் பள்ளத்துக்குள் நுழைந்து, அடியில் இருக்கும் 189-ஆம் அஸ்பார்டேட்டைத் தேடிப் போகும். ஆனால் நேராகக் கை கோக்காது, நடுவில் ஒரு நீர் மூலக்கூறு நின்று இரண்டையும் சேர்த்துவைக்கும். கோப்பைத் திறந்ததும் தண்ணீரை அழித்துவிடுகிற என் பிள்ளைகளுக்கு இந்த உறவே கண்ணில் படாது.

58 பாசி கோத்துக்கொள். 30-ஐ 51-ஓடு கட்டு. 5-ஐ 55-ஓடு கட்டு, கிட்டத்தட்ட முதலும் கடைசியும் சேர்கிற பூட்டுவில். 14-ஐ 38-ஓடு கட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள். மூன்றும் கந்தகப் பாலங்கள். நிஜப் புரதத்திலும் கடைசியாகச் சொன்ன அந்த முடிச்சுதான் வெளியே தெரிகிறது, அவிழ்த்தால் முதலில் அவிழ்வதும் அதுதான். கட்டி முடித்ததும் படம் எடுத்து அனுப்பு, எந்தப் பாசி எதன்மேல் சாய்ந்திருக்கிறது என்று நான் எண்ணிச் சொல்கிறேன்.

என்றும் உன்,
வசந்தா