ஆண்டும் ஆதாரமும் இல்லாத தேசப்படங்கள்: வரலாற்றுக் கண்காட்சிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மாணவர் வரலாற்றுக் கண்காட்சியின் நடு மண்டபத்தில் நீங்கள் தொங்கவிட்ட பெரிய தேசப்படங்களைப் பற்றியும், தேசப்படப் போட்டியில் நடந்ததைப் பற்றியும் உங்களிடம் நேரிலும் தொலைபேசியிலும் பலர் பேசிவிட்டார்கள். நடந்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும். அந்தப் படங்களில் ஆண்டும் இடமும் கலந்து ஒரே நிறமாகக் கிடந்தன; போட்டியில் கவனமாகக் கீறிய ஒரு மாணவியின் படத்தை அவற்றைப் போல மாற்றும்படி நடுவர் சொன்னார். "பார்ப்போம்" என்று சொன்னீர்கள். அதன்பின் அதே படங்கள் கையேடாக அச்சாகிப் பாடசாலைகளுக்குப் போகவிருக்கின்றன என்று அறிந்தேன். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் வெளியிடும் ஒவ்வொரு வரலாற்றுத் தேசப்படத்தின் கீழும் அது எந்த ஆண்டுக்குரியது, எந்த ஆதாரத்தைக் கொண்டு வரையப்பட்டது என்று எழுதுங்கள். அப்படி எழுத முடியாத படத்தை அச்சிடாதீர்கள்.

வாசலில் நின்றவுடன் கண்ணில் பட்டது 'சோழப் பேரரசு, கி.பி. 850–1279' என்ற படம். தென்னிந்தியா, இலங்கை முழுவதும், மாலைதீவு, கங்கைக் கரை வரை வடக்கே, கடலுக்கு அப்பால் சுமாத்திரா, மலாயா என எல்லாமே ஒரே சிவப்பு. அதைப் பார்க்கும் பிள்ளை நானூறு ஆண்டுகளும் இவ்வளவு இடமும் சோழர் கையில் இருந்ததாகத்தானே நினைக்கும்? 850 அளவில் சோழரிடம் இருந்தது தஞ்சாவூரும் அதன் சுற்றுப்புறமும். இராசராசனின் படை அநுராதபுரத்தை வீழ்த்தியது 993 அளவில். 1017இல் இலங்கை அரசன் ஐந்தாம் மகிந்தன் தெற்கே உறுகுணையில் சிறைப்பிடிக்கப்பட்டான். அதற்குப் பிறகும் உறுகுணை அடங்கிக் கிடக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக எதிர்த்து நின்றார்கள். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரிடமிருந்து பொலன்னறுவையைப் பிடித்துக்கொண்டான். ஆகவே இலங்கையில் அந்தச் சிவப்புக்கு உரிய காலம் முக்கால் நூற்றாண்டு அளவுதான், அதுவும் வடக்கிலும் நடுவிலும். தெற்கில் அந்த நிறத்தை அவ்வளவு உறுதியாக யாராலும் பூச முடியாது.

கடாரத்தை, அதாவது இன்றைய மலேசியாவின் கெடாப் பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் இராசேந்திரனின் கடற்படை, கடாரமும் அடங்கிய சுமாத்திரா அரசான ஸ்ரீவிஜயத்தின் மேல் சென்றது 1025இல். அவனுடைய மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரை, அதை எவ்வளவு பெருமையோடு சொல்கிறது! அலைகடல் நடுவே பல கலம் செலுத்தியதையும், கடாரத்து அரசனை யானைகளோடு பிடித்ததையும், குவித்து வைத்திருந்த செல்வத்தையும் விச்சாதிரத் தோரணத்தையும் கைக்கொண்டதையும், வென்ற ஊர்களின் பெயர்களையும் வரிசையாகச் சொல்கிறது. அங்கே அதிகாரி வைத்து ஆண்டதாகவோ ஆண்டுதோறும் வரி எடுத்ததாகவோ அதில் இல்லை. ஈழத்தின் கதை வேறு. ஈழமண்டலத்து ஊர்கள் சில தஞ்சைப் பெருங்கோயிலுக்கு நெல்லும் காசும் கொடுக்க வேண்டும் என்று இராசராசன் காலத்துக் கல்வெட்டே சொல்கிறது. படை சென்று வென்று திரும்பிய இடத்தையும், ஊர் ஊராகக் கணக்கு வைத்து இறை வாங்கிய இடத்தையும் ஒரே நிறத்தால் தீட்டினால் அந்தக் கல்வெட்டுகளை வெட்டியவர்கள் சொன்னதையே நாம் அழிக்கிறோம். படையெடுப்புக்கு ஓர் அம்புக்குறி போதும். ஆண்ட நிலத்துக்கு நிறம். இதில் சோழருக்கு என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது படம் என்னை இன்னும் வருத்தியது, ஏனென்றால் அது நம்முடைய நிலம். 'யாழ்ப்பாண இராச்சியம், 1215–1619.' வடக்கும் கிழக்கும் ஒரே பச்சை, மயிரிழை பிசகாத ஓர் எல்லைக்கோடு. 1215இல் கலிங்கத்திலிருந்து படையோடு வந்த மாகன் பிடித்தது பொலன்னறுவையை. யாழ்ப்பாணத்து அரசர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் இங்கே தலையெடுத்தது அதே நூற்றாண்டின் பிற்பகுதியில். 1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தது புத்தளத்தில். உங்கள் பச்சை அவ்வளவு தெற்கே போகவில்லை. கேகாலைப் பக்கம் கொட்டகமவில் ஆரியச்சக்கரவர்த்தியான சிங்கை ஆரியனின் வெற்றியைப் பாடும் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அதற்கும் உங்கள் படத்தில் இடமில்லை. ஆக, ஒரு பக்கம் கூட்டிப் போட்ட படம் இன்னொரு பக்கம் குறைத்தும் போட்டிருக்கிறது. 1450இல் தெற்கே இருந்த கோட்டை இராச்சியத்து அரசனுக்காகச் செண்பகப்பெருமாள் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1467 வரை இங்கே ஆண்டான். அந்தப் பதினேழு ஆண்டுகள் எந்த நிறம்? 1560இல் மன்னார் போர்த்துக்கேயரிடம் போனது. 1591இல் அவர்கள் யாழ்ப்பாண அரசன் புவிராஜ பண்டாரத்தைக் கொன்று எதிர்மன்னசிங்கத்தை அரசனாக்கினார்கள். அந்த அரசனின் நாட்டையும், அதற்கு முன் கப்பல் விட்டு முத்து விற்ற அரசனின் நாட்டையும் ஒரே பச்சையாகக் காட்டலாமா? 1619இல் போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேறா வந்து கடைசி அரசன் சங்கிலி குமாரனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லும் வரைக்கும் நடந்த நானூறு வருட ஏற்ற இறக்கமும் அந்த ஒரே பூச்சுக்குள் மறைந்துபோயிற்று.

வன்னியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி எனக் குடாநாட்டுக்குத் தெற்கே தனித்தனி வன்னிமைகள், அதாவது வன்னியத் தலைவர்கள் ஆண்ட சிறு நாடுகள். அந்தத் தலைவர்கள் யாழ்ப்பாணத்து அரசனுக்கு யானை திறை கொடுத்தார்கள். அரசன் தளர்ந்தால் கொடுக்காமலும் இருந்தார்கள். பின்னால் ஒல்லாந்தருக்கும் அவர்கள் எளிதில் பணிந்து போகவில்லை. 1803இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் பிரித்தானியரிடமிருந்து முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த கதையை உங்கள் வினாடி வினாவிலேயே கேட்டீர்கள். அவன் தன்னுடையதென்று நின்று காத்த நிலம் உங்கள் படத்தில் யாழ்ப்பாணத்தின் ஒரு பகுதியாகப் பச்சைக்குள் கிடக்கிறது. வன்னியில் இருந்து பஸ் பிடித்துக் கண்காட்சிக்கு வந்த பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

இனி அந்த மாணவியைப் பற்றி. தரம் 10, சொந்த ஊர் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் என்னிடம் புவியியல் கேட்க வருவாள். போட்டிக்கு அவள் கீறிய படத்தை நான் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரு காலத்தை மட்டும் எடுத்தாள், பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அரசன் நேரே ஆண்ட குடாநாட்டுக்கு முழு நிறம், திறை கொடுத்த வன்னிக்குச் சாய்கோடு, உறுதியாகத் தெரியாத இடங்களுக்குப் புள்ளி. கீழே அளவுத்திட்டம், குறிவிளக்கம், பார்த்த நூல்களின் விபரம். தீவுகளை ஒன்றையும் விடவில்லை. வேலணை, காரைநகர், புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு எல்லாம் அவற்றின் உருவத்தோடும் இடத்தோடும் இருந்தன.

உங்கள் பெரிய படத்தில் தீவுகளே இல்லை. நெடுந்தீவு ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர். தூசி விழுந்த இடம் என்று துடைத்துவிடக்கூடிய அளவல்ல. குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருந்து, ஏறிய பின்னும் ஒரு மணித்தியாலம் கடலில் போகிற சனங்களுக்கு அந்தத் தீவு எவ்வளவு பெரிய உண்மை என்று உங்களில் தீவகத்தில் படிப்பித்தவர்களுக்குத் தெரியும்.

நடுவர் அவளுடைய படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "இந்தக் கோடெல்லாம் ஏன் பிள்ளை? தீவுகளும் தேவையில்லை. அங்க தொங்குற படத்தைப் பார்த்து அப்பிடியே கீறியிருக்கலாம்தானே." அவள் கேட்டாள்: "அப்ப நெடுந்தீவு ஆற்றை ஆட்சியில இருந்தது, சேர்?" பதில் வரவில்லை. திருத்திக் கொண்டுவந்தால் காட்சிக்கு வைக்கலாம் என்று மட்டும் சொல்லப்பட்டது. அவள் திருத்தினாள். சாய்கோடுகளை அழிறப்பரால் தேய்த்துவிட்டு அதன் மேல் பச்சை தீட்டினாள். தேய்த்த இடத்தில் டிமைத் தாள் மெலிந்து நார் எழும்பியிருந்தது. படம் காட்சிக்கு வந்தது, சான்றிதழும் கிடைத்தது. சரியாகக் கீறிய படத்தைப் பிழையாக்கியதற்கு ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறோம். உங்கள் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்கவும் விரும்பவில்லை.

அவள் கேட்ட கேள்வி சிறுபிள்ளைத்தனமானதல்ல. பக்கத்து நயினாதீவையே பாருங்கள். நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொலன்னறுவையில் இருந்த அரசனின் கட்டளை, தமிழில். ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் பிறநாட்டு வணிகரைக் காக்க வேண்டும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற் பங்கு உடையவனுக்கு, மற்றச் சரக்கென்றால் பாதிக்குப் பாதி என்று துறைமுகச் சட்டம் பேசுகிறது. இந்த ஒரு கல்லை எந்த நிறத்தில் காட்டுவீர்கள்? ஆட்சி ஒன்று, மொழி ஒன்று, வணிகர் பல திக்கு. இப்படிப்பட்ட இடத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இரண்டு நிறமும் ஒரு கோடும் போதும் என்று எப்படி முடிவு செய்தோம்?

உங்கள் யாழ்ப்பாணப் படம் 1215இல்தான் தொடங்குகிறது, அதற்கு முன் இங்கே எதுவுமே இல்லாதது போல. அதற்கு வெகு முன்பே மக்கள் வாழ்ந்த தடயங்கள் கிடைத்த கந்தரோடையும் ஆனைக்கோட்டையும் உங்கள் மண்டபத்தில் இருந்து சைக்கிளில் போகும் தூரம். ஆனைக்கோட்டையில் 1980இல் கிடைத்த பழங்கால எழுத்துப் பொறித்த முத்திரையைப் பற்றி இங்கே எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்?

இந்தக் குறை தமிழ்ப் படங்களுக்கு மட்டும் உரியதல்ல. பராக்கிரமபாகு காலம் என்று தீவு முழுவதையும் ஒரே மஞ்சளாகத் தீட்டிய சிங்களப் படங்களும் வட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. அவர்கள் அனுப்ப, நம்மவர்கள் தங்கள் பச்சையை அனுப்ப, இரவு முழுக்கச் சண்டை நடக்கிறது. இரண்டிலும் ஆண்டு இல்லை, ஆதாரம் இல்லை. அந்தச் சண்டைக்கு நம் பிள்ளைகளைத் தயார்செய்யும் வேலையைப் பாடசாலைக் கண்காட்சி செய்யக்கூடாது. எண்பத்தொன்றில் நூலகம் எரிந்த ஊர் இது. எஞ்சியிருக்கும் ஆதாரங்கள் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தையும் பார்க்காமல் படம் கீறும் உரிமை மற்ற எவரையும் விட நமக்குக் குறைவு.

சின்ன விடயங்கள்தானே என்று விட்டுவிட்டு விட்டுவிட்டு எங்கே வந்து நிற்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அரச அலுவலகப் பெயர்ப்பலகைகளில் தமிழ் பிழையாக வருகிறது, பார்த்துக்கொண்டே போகிறோம். சந்தியில் வீதியின் பெயரை மறைத்துப் பிறந்தநாள் பதாகை கட்டுகிறார்கள். வெளியூர்க்காரர் வழி கேட்டு அலைகிறார்கள். வினாடி வினாவில் ஒரு சொல் விடை தவிர வேறு கேள்வியே இல்லை. 'ஏன்' என்று கேட்கும் பிள்ளைக்குப் புள்ளி இல்லை. கண்காட்சி நாளில் ஒலிபெருக்கி போட்ட சத்தத்தில் விளக்கம் சொல்ல நின்ற மாணவர்களின் குரல் ஒருவருக்கும் கேட்கவில்லை. ஒவ்வொன்றும் தனியே சிறிது. ஆனால் எல்லாம் கவனமாகச் செய்யத் தேவையில்லை என்ற ஒரே பழக்கத்தில் இருந்து வருகின்றன. இவற்றையெல்லாம் உங்கள் தலையில் சுமத்துவது நியாயமில்லை. என் கோரிக்கைக்கே திரும்புகிறேன்.

சாய்கோடும் புள்ளியும் போட்டால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று உங்களில் ஒருவர் சொன்னதாக அறிந்தேன். இதே பிள்ளைகள் புவியியற் பாடத்தில் இடவிளக்கப்படத்தின் சமவுயரக்கோடுகளைப் பார்த்து எது மலை, எது பள்ளத்தாக்கு என்று சொல்கிறார்கள். சாதாரண தர வரலாற்று வினாத்தாளில் தேசப்படத்தில் இடங்களைக் குறிக்கிறார்கள். மூன்று வகை நிழற்றலை அவர்களால் படிக்க முடியும். இடமில்லை என்றால் ஒரு பெரிய படத்துக்குப் பதிலாக நான்கு சிறிய படங்கள் போடுங்கள்: 1344, 1450, 1560, 1619. ஒரே சுவரில் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளைகள் தாங்களாகவே கேள்வி கேட்பார்கள்.

தயவுசெய்து கையேட்டை இப்போதைய வடிவில் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் ஆண்டும் ஆதாரமும் வரட்டும், தீவுகள் வரட்டும், வன்னிமைகள் தனியே வரட்டும், படையெடுப்புக்கும் ஆட்சிக்கும் வேறு வேறு குறியீடு வரட்டும். அந்த மாணவியை அழைத்து, அவள் முதலில் கீறிய மாதிரியே மறுபடி கீறித் தரச் சொல்லி, அதையே கையேட்டில் யாழ்ப்பாண இராச்சியப் படமாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அவளுடைய பெயர் போட விரும்பினால் வீட்டாரிடம் கேட்டுப் போடுங்கள்.

திருத்த வேலைக்கு ஆள் தேவையென்றால் நான் வருகிறேன். என்னோடு படிப்பித்து ஓய்வுபெற்ற இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கூலி எதுவும் வேண்டாம். அடிப்படைப் படங்களும் தடத்தாளும் எங்களிடம் இருக்கின்றன. அச்சகத்துக்குக் கொடுக்கும் திகதியை மட்டும் முன்கூட்டியே அறியத்தாருங்கள்.

மிக்க மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.