முன்னால் 33, பின்னால் 36

நாமக்கல்

கண்ணு,

நீ குடும்ப குரூப்பில் போட்ட டேஷ்போர்டு போட்டோவுக்கு அன்றைக்கு "காற்று குறைவு, உடனே பார்" என்று மட்டும் பதில் போட்டேன். நீயும் ஒரு கட்டைவிரலைக் காட்டி முடித்துக்கொண்டாய். அதற்கப்புறம் போன் அடித்தால் எடுப்பதில்லை. மீட்டிங் இருக்கும், சரி. ஆனால் காற்று அடித்தாயா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? போனில் பேசினாலும் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் பாதியில் வைக்க முடியாது பார்.

முதலில் அந்த மஞ்சள் விளக்கு. சட்டிக்குள் ஆச்சரியக்குறி போட்ட மாதிரி இருக்கிறதே, அது டயரைக் குறுக்கே வெட்டிப் பார்த்த படம். காற்று கொஞ்சம் குறைந்தவுடனே அது எரியாது. வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் இருக்க வேண்டியதில் ஐந்தில் ஒரு பங்கோ கால் பங்கோ போன பிறகுதான் எரியும். உன் வண்டிக்கு 33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் கணக்கு). போட்டோவில் இடது பின்பக்கம் 23 காட்டுகிறது. அப்படியென்றால் அது பல நாளாகக் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, நீ பார்க்கவில்லை. வண்டி ஓட்டும்போது ஒரு பக்கம் இழுக்கவில்லையா? அதைக்கூடக் கவனிக்காத அளவுக்கு என்ன யோசனை உனக்கு?

விளக்கு நிலையாக எரிந்தால் காற்று இல்லை என்று அர்த்தம். வண்டி எடுத்தவுடன் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு அப்புறம் நிலையாக நின்றால் சென்சாரில்தான் கோளாறு. உன்னுடையது எது என்று போட்டோவில் தெரியாது. நீதான் சொல்ல வேண்டும்.

காற்று குறைந்த டயர் என்ன ஆகும் என்று நீ சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாய். பள்ளிக்கூடம் விட்டு வந்து நம் டயர் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது, ரிம்மிலிருந்து கழற்றிய டயரைச் சாய்த்தால் உள்ளேயிருந்து கறுப்பாகத் தூள் கொட்டுமே, உன் நோட்டிலெல்லாம் படிந்து அம்மாவிடம் திட்டு வாங்குவாயே, அந்தத் தூள்தான். காற்று இல்லாமல் ஓடினால் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும், சூடேறும், உள்பக்க ரப்பர் உரிந்து தூளாகும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாகத்தான் இருக்கும். தரையில் படும் பட்டன் தேயாமல் அப்படியே இருக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் அது தன் கதையைச் சொல்லும். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றதை அப்போது கடையில் எல்லோரும் பேசினோம். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் ஓடும்போதே மேல்ரப்பர் பிரிந்து உருண்டன. டயரில் குறை இருந்தது உண்மை. ஃபோர்டு கம்பெனி வைக்கச் சொன்ன காற்று வெறும் 26 என்பதும் பெரிய சண்டையானது. அதற்குப் பிறகு அங்கே சட்டம் போட்டுத்தான் இந்த மஞ்சள் விளக்கு எல்லாப் புது கார்களுக்கும் வந்தது. அத்தனை பேர் செத்த பிறகு வந்த விளக்கை நீ கட்டைவிரல் காட்டி அனுப்பிவிட்டாய்.

காலையில் வண்டி எடுக்கும் முன் காற்றைப் பார். ஓட்டிவிட்டு வந்து பார்க்காதே. ஐந்தாறு டிகிரி சூடு ஏறினால் காற்று 1 ஏறும். ஓசூரில் விடியற்காலைக் குளிரில் 33 வைத்துவிட்டு சேலம் மதிய வெயிலில் பார்த்தால் 37 காட்டும், ஓடிய சூட்டில் இன்னும் கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து இறக்கிவிடுகிறவர்கள் உண்டு. மறுநாள் காலையில் அது 29 ஆகி நிற்கும். சூட்டில் இறக்காதே. டயரின் மேல் "மேக்ஸ் பிரஷர்" என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்தும் அடிக்காதே, அது அந்த டயர் தாங்கும் உச்சம். உன் வண்டிக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிறது. நைட்ரஜன் என்று காசு கேட்டால் கொடுக்காதே, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். எது அடித்தாலும் சரி, பார்க்காமல் விட்டால்தான் தப்பு.

அந்த ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருக்கும். இரண்டு பேர் படம் போட்டது ஒன்று; ஐந்து பேரும் பெட்டியும் போட்டது இன்னொன்று. முழு லோடு என்றால் பின் டயருக்கு 36. இதை ஏன் சொல்கிறேன் என்றால், வண்டியில் லோடு இருப்பது எனக்குத் தெரிகிறது.

எப்படி என்று கேட்பாய். போட்டோவில் மஞ்சள் விளக்கு மட்டுமா இருந்தது? சீட் பெல்ட் விளக்கும் சிவப்பாக எரிகிறதே. நீ பெல்ட் போடாமல் ஓட்ட மாட்டாய், லைசன்ஸ் எடுக்கும் முன்பே உனக்கு அந்தப் பழக்கம் வந்துவிட்டது. அப்படியானால் இடது சீட்டுக்கான எச்சரிக்கை. 2019 ஜூலைக்குப் பிறகு செய்த கார் எல்லாவற்றிலும் அந்தப் பக்கத்துக்கும் இது கட்டாயம். சீட்டுக்கு அடியில் சென்சார் இருக்கிறது, கனமாக எதை வைத்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தால் பெல்ட் போட்டிருப்பார். கடிகாரத்தில் 1:52. பகல் இல்லை என்பது கண்ணாடியில் தெரிகிறது.

அம்மா அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி ஓரத்தில் பார்த்துவிட்டு, "அது நாம் சீர் வைத்த கிரைண்டர்" என்றாள். பச்சை மூடி. நான் அதெல்லாம் இல்லை, ஏதோ பை என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை. நானும்தான்.

சரி, நான் டயரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

விளக்குகளை நிறம் பார்த்துப் புரிந்துகொள். சிவப்பு என்றால் நிறுத்து. மஞ்சள் என்றால் ஓட்டலாம், சீக்கிரம் காட்ட வேண்டும். பச்சையும் நீலமும் சும்மா தகவல். சிவப்பில் இரண்டுக்கு யோசிக்கவே கூடாது. ஆயில் கேன் படம் எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி இன்ஜினை அணை. "பக்கத்து பங்க் வரைக்கும்" என்று ஓட்டியவர்கள் இன்ஜினையே மாற்றியிருக்கிறார்கள். தண்ணீரில் தெர்மாமீட்டர் நிற்கும் படம் சிவந்தாலும் அப்படித்தான். அணைத்துவிட்டு ரேடியேட்டர் மூடிப் பக்கம் கையே கொண்டுபோகாதே, கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரி படம் எரிந்தால் பேட்டரி கெட்டது என்று நினைக்காதே, பெரும்பாலும் சார்ஜ் ஏறவில்லை, இன்ஜின் பெல்ட் அறுந்திருக்கலாம். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி சிவப்பில் வந்தால் முதலில் ஹேண்ட் பிரேக் இறங்கியிருக்கிறதா பார், இறங்கியிருந்தால் பிரேக் ஆயில் குறைவு, ஓட்டாதே. இன்ஜின் படம் மஞ்சளாக நின்றால் இரண்டு நாளில் காட்டலாம், பெட்ரோல் மூடி சரியாக முறுக்காததற்குக்கூட வரும். அதுவே மின்னினால் வேகத்தைக் குறைத்து நிறுத்தப் பார். பெட்ரோல் எரியாமல் சைலென்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரை எரித்துவிடும், அதன் விலை கேட்டால் மயக்கம் வரும்.

இன்னொன்று. ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பார். எச்சரிக்கை விளக்கெல்லாம் ஒரு முறை எரிய வேண்டும், ஸ்டார்ட் செய்ததும் அணைய வேண்டும். அணையாதது கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். எரியவே எரியாதது அதைவிட மோசம். ஏர்பேக் வெடித்த பழைய வண்டிகளில் புதிது போடாமல் விளக்கை மட்டும் பிடுங்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எதுவும் எரியவில்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று வாங்கினவன் நினைத்துக்கொண்டு ஓட்டுவான். உன் வண்டி புதிதாக எடுத்தது, அந்தப் பயம் இல்லை. ஆனால் ஒன்றுமே எரியாமல் இருப்பதைக் கண்டால் எனக்கு நிம்மதி வருவதில்லை, தொழில் அப்படி. எரிந்தால் தேவலை. போட்டோவாவது அனுப்புவாய்.

ராத்திரியில் தனியாக ஓட்டுகிறவள் கேட்டுக்கொள். டயர் வெடித்தால் பிரேக்கில் கால் போகவே கூடாது. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொள், ஆக்சிலேட்டரை மெதுவாக விடு, வண்டி தானாக வேகம் இழந்த பிறகு இடது ஓரம். நிறுத்திவிட்டு வண்டிக்குள் உட்காராதே, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில். மெதுவாகக் காற்று இறங்குகிறது என்றால் இருட்டில் நிறுத்தாதே. நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு, ஊர்ந்தாவது, வெளிச்சம் இருக்கும் பங்க்குக்கோ டோல் கேட்டுக்கோ போய்விடு. டயர் கிழியட்டும், ரிம் போகட்டும். டயர் கடைக்காரன் சொல்கிறேன், ரிம் போனால் போகட்டும். ஆணி குத்தியிருந்தால் பிடுங்காதே, டியூப்லெஸ்ஸில் ஆணி இருக்கும்வரை காற்று கொஞ்சம் நிற்கும். ஹைவேயில் உதவிக்கு 1033. போனில் போட்டு வை. முதல் நம்பராக என்னுடையதைப் போடு, அதற்கப்புறம் அது.

உன் ஸ்டெப்னி சின்ன டயர். அதற்கு 33 இல்லை, 60 காற்று. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதில் போகக் கூடாது. அதை யாரும் பார்ப்பதே இல்லை, தேவைப்படும் நாளில் கழற்றினால் தட்டையாக இருக்கும். நீ மட்டும் பார்ப்பாய் என்று தெரியும். கல்லூரிப் படிப்பில் இருக்கும்போதே ராசிபுரம் ரோட்டில் உன் சிநேகிதிகளை நிற்கவைத்து நீயே ஜாக்கி போட்டு மாற்றினாயே, அதைப் பார்த்துவிட்டு வந்த லாரிக்காரர் கடையில் வந்து சொன்னார். பாடி கட்டும் பட்டறை வரைக்கும் அந்தக் கதை போனது. இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்கிறேன். அப்படிப்பட்ட பெண் 23 காற்றில் ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி ஓட்டுகிறாள் என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

டயர் வயதையும் பார்த்துச் சொல். பக்கச்சுவரில் நான்கு எண் இருக்கும். 1421 என்றால் 2021இல் 14ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் வருடம் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். வெயிலில் நிற்கிற வண்டிக்கு இன்னும் சீக்கிரம், பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு வரும். முன்பு பேஸ்மென்டில் நின்றது. இப்போது வண்டி எங்கே நிற்கிறது? நிழலா, ரோட்டிலா? கேட் போட்ட இடமா? வாட்ச்மேன் இருக்கிறாரா? டயருக்காகத்தான் கேட்கிறேன். பக்கத்தில் காற்று அடிக்கிற கடை எது என்று பார்த்து வைத்துக்கொள். புது ஏரியாவில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

இந்தப் பக்கம் வருவதாக இருந்தால் தொப்பூர் கணவாயை வெளிச்சத்தில் தாண்டுகிற மாதிரி கிளம்பு. தர்மபுரியிலிருந்து வரும்போது அது முழுக்க இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குகிற லாரிகள் பின்னால் வரும், பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் முன்னால் இருப்பது காரா பஸ்ஸா என்று அதற்குத் தெரியாது. நீ மூன்றாவது கியரில் இறங்கு, பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதே. எந்த நேரமானாலும் வா. கடை பூட்டியிருந்தாலும் கம்ப்ரஸர் போடுகிறேன். ஏன் வந்தாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டோம், எத்தனை லோடு என்று மட்டும் கேட்பேன், காற்று வைக்க வேண்டுமே.

கிரைண்டரை இடது சீட்டில் வைக்காதே. பெல்ட் போட்டாலும் அது நிற்காது. சடன் பிரேக் அடித்தால் முன்னால் வரும். கல்லைத் தனியாக எடுத்துத் துணியில் சுற்றி, பின் சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் வை. டிரம்மை டிக்கியில் படுக்கவை.

காலையில் காற்றைப் பார். எடுக்கும் முன்.

அப்பா

பின்குறிப்பு: கிரைண்டர் வாரண்டி அட்டை இங்கே பீரோவில்தான் இருக்கிறதாம். எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மா கேட்கிறாள்.