ஒரு டம்ளர் பாலுக்கு மூணு சுற்று

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் மார்கழிக் குளிருக்கு வீட்டிலேயே செய்து குடிக்கலாம் என்று ஒரு பக்கம் முழுக்கப் பானங்களாகப் போட்டிருந்தீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, தூதுவளை எல்லாம் நன்றாக விளக்கமாக வந்திருந்தது, ஜாதிக்காய் மட்டும் கடைசியில் போகிற போக்கில் 'விருப்பப்பட்டால் ஜாதிக்காய்த் தூள் ஒரு ஸ்பூன்' என்று ஒரே வரி. அந்த ஒரு ஸ்பூனைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சோழவந்தான் பக்கம். மதுரையில் என்ன பெரிய குளிர் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள், வைகைக் கரையில் நெல்வயலும் தென்னந்தோப்புமாக இருக்கிற எங்கள் ஊரில் மார்கழி விடியலில் கோலம் போட உட்கார்ந்தால் விரல் விறைத்துக் கோலமாவு கோணலாக விழும், அது எங்களுக்குக் குளிர்தான். தாத்தா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தவர். அவருடைய வெற்றிலைப் பெட்டியில் பாக்கு, கிராம்பு, ஏலக்காயோடு ஒரு ஜாதிக்காயும் கொஞ்சம் ஜாதிபத்திரியும் எப்போதும் கிடக்கும். தாம்பூலத்துக்கு ஐந்து வாசம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், ஏலம், இலவங்கம், தக்கோலம், ஜாதிக்காய், பச்சைக் கற்பூரம், அந்தப் பழக்கம்தான் அது. ராத்திரி பால் காய்ந்ததும் அப்பத்தா அதே பெட்டியில் இருந்து அதே காயை எடுத்து, இழைக்கிற கல்லில் இரண்டு சொட்டுப் பால் விட்டு மெதுவாகச் சுற்றுவார். கல்லில் வெளிர்பழுப்பாக ஒரு வட்டம் விழும், அதை விரலால் வழித்து டம்ளருக்குள் விடுவார். ஒரு டம்ளருக்கு மூணு சுற்று. நாலாவது சுற்றுக்குக் கை போனதை நான் பார்த்ததே இல்லை. ஒரு காய் எங்கள் வீட்டில் இரண்டு மார்கழி வந்தது.

இப்போது அந்த ஒரு ஸ்பூனுக்கு வருகிறேன். முழு ஜாதிக்காய் ஒன்று ஐந்து கிராம் அளவுக்கு எடை இருக்கும். அதில் மிரிஸ்டிசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, சிட்டிகை அளவில் அது ஒன்றும் செய்யாது, ஐந்து கிராம் தூளை ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினால் நெஞ்சு படபடக்கும், வாய் வறண்டு போகும், குமட்டும், புத்தியே குழம்பும். இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் மதினிக்குத் தூக்கம் வரவில்லை என்று இருந்தபோது, செல்போனில் யாரோ அனுப்பிய செய்தியை நம்பி ஒரு முழுக் காயைப் பொடித்துப் பாலில் கலக்கிக் குடித்துவிட்டார். ஒரு மணி நேரம் ஆகியும் ஒன்றும் தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் போட்டுக் குடித்திருக்கிறார். ஜாதிக்காயின் வேலை மெதுவாக, சில மணி நேரம் கழித்துத்தான் ஏறும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நடுச்சாமத்தில் ஆரம்பித்தது, இதயம் தொண்டையில் அடிக்கிறது என்று அழுதார், எழுந்து நடந்தால் தரை சாய்கிறது என்றார், விடியற்காலை ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒரு நாள் முழுக்க வைத்திருந்துதான் கூட்டி வந்தோம். நல்ல வேளை, அதோடு போயிற்று. அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், அடுத்த இணைப்பிலேயே ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாவது போடுங்கள்: டம்ளருக்கு இரண்டு விரல் நுனியில் நிற்கிற அளவுக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் மருந்து போல எடுக்க வேண்டாம். கைக்குழந்தைக்கு இழைத்துக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது, ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று குழந்தை டாக்டர் சொன்னதால் என் பேத்திக்கு நாங்கள் கொடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் பயந்து காயைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. சரியாகச் சேர்த்தால் இதைப் போல ஒரு வாசம் கிடையாது, மார்கழிக்கென்றே வந்தது போல இருக்கும். அதைப் பொடியாக வாங்காமல் காயாக வாங்க வேண்டும், அது முக்கியம். ஒருமுறை அவசரத்துக்குப் பாக்கெட் தூள் வாங்கினேன், மரத்தூள் மாதிரி இருந்தது, வாசமே இல்லை, சரி வாசம் வரட்டும் என்று கூடக் கூடப் போட்டதில் பால் கசந்துபோய்க் கொட்டினேன். இதன் மணம் எல்லாம் காற்றில் பறக்கிற எண்ணெயில் இருக்கிறது, பொடித்து வைத்தால் நாள்பட நாள்படப் போய்விடும். மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் ஓட்டோடு கேட்டால் கொடுப்பார்கள். காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள், உள்ளே கடகடவென்று ஆடினால் நன்றாகக் காய்ந்தது. ஓடு நீக்கியதை வாங்கினால் கையில் கனமாக இருக்க வேண்டும், பூச்சி அரித்த ஓட்டை இருக்கக் கூடாது, நகத்தால் கீறினால் எண்ணெய் மினுங்க வேண்டும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் கொட்டைப்பாக்கை வெட்டியது போல வெள்ளையும் பழுப்புமாக வரி ஓடும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகவும் குற்றாலத்திலும் விளைகிறது, நம் ஊர்க் காய்தான். ஜாதிபத்திரி வேறு மரம் என்று என் தங்கை ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள், அதே பழம் வெடிக்கும்போது கொட்டையைச் சுற்றி வலை போட்டது போலச் செக்கச் சிவப்பாக இருக்கிற தோல்தான் அது, காய்ந்தால் மஞ்சள் பழுப்பாகிவிடும்.

பால் செய்வது சுலபம். இரண்டு டம்ளர் பாலில் ஒரு சிட்டிகை மஞ்சள், நாலு மிளகு தட்டிப் போட்டுச் சின்னத் தீயில் ஐந்து நிமிஷம் காய்ச்சி, அடுப்பை அணைத்துவிட்டுப் பனங்கற்கண்டு போட்டுக் கரைத்து, கடைசியாகத்தான் ஜாதிக்காய். கொதிக்கும்போதே போட்டால் வாசம் ஆவியோடு போய்க் கசப்பு மட்டும் நிற்கும். கல் இல்லாதவர்கள் இஞ்சி துருவுகிற சின்னத் துருவியில் இரண்டு மூன்று தேய்ப்புத் தேய்த்தால் போதும். சுக்குமல்லிக் காபியிலும் போடலாம் என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலில் இருக்கிற கொழுப்புதான் அந்த வாசத்தைப் பிடித்து வைக்கிறது, வெறும் தண்ணீரில் தூள் அடியில் தங்கிக் கடைசி வாய் கசக்கும்.

பருத்திப்பாலுக்கு வருவோம், நமக்கு மார்கழி என்றாலே அதுதானே. சாயங்காலம் தள்ளுவண்டியில் பித்தளைப் பானையோடு வருகிறவர்களிடம் வாங்கிக் குடிப்பது ஒரு சுகம் என்றாலும் வீட்டில் ஒருமுறை செய்து பாருங்கள். இருநூறு கிராம் பருத்தி விதையை ராத்திரி முழுக்க ஊற வைத்து, காலையில் நன்றாகக் கழுவி ஆட்டி, தண்ணீர் விட்டுத் துணியில் மூன்று முறை பிழிந்து எடுத்துக்கொள்ளுங்கள். விதைப்பதற்கு என்று விற்கிற பருத்தி விதையில் பூச்சிமருந்து தடவியிருப்பார்கள், அதை எடுக்கவே கூடாது, சாப்பாட்டுக்கு என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரு கைப்பிடி பச்சரிசியை ஊற வைத்து அரைத்துப் பாலோடு கலந்து, அடிபிடிக்காமல் கிண்டிக்கொண்டே பச்சை வாசம் போகிற வரைக்கும் நன்றாகக் கொதிக்க விடுங்கள், இதில் அவசரம் கூடாது, கை வலித்தாலும் கிண்ட வேண்டும். அப்புறம் வடிகட்டிய கருப்பட்டிப் பாகு, சுக்குத்தூள், ஏலக்காய், தேங்காய்த் துருவல். இறக்கி வைத்ததும் நாலு பேருக்கான பாத்திரத்துக்கு எட்டுப் பத்துத் தேய்ப்பு ஜாதிக்காய். கருப்பட்டியின் கரும்புகை வாசத்துக்கு அடியில் அது தனியாகத் தெரியாது, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறதே என்று மட்டும் தெரியும்.

சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே மாதிரி, நெய்யில் முந்திரி வறுத்துக் கொட்டுகிற நேரத்தில். பச்சைக் கற்பூரம் போடுகிறவர்கள் அன்றைக்கு ஜாதிக்காயைக் குறைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சண்டை போடும். உளுந்தங்களியில் மட்டும் தயவுசெய்து வேண்டாம். நல்லெண்ணெயும் கருப்பட்டியும் சேர்ந்து வருகிற வாசத்தில் மூணாவது ஆளுக்கு இடமில்லை, போட்டுப் பார்த்துத்தான் சொல்கிறேன். கறி சாப்பிடுகிற வீட்டில் நெஞ்செலும்பு சூப்புக்குக் காய்க்குப் பதில் ஜாதிபத்திரியில் ஒரே ஒரு இதழ், எலும்போடு குக்கரிலேயே போட்டுவிடலாம், அது காயை விட மென்மையானது, கொதி தாங்கும். சளி பிடித்த பிள்ளைகளுக்கு மிளகு தூக்கலாக அந்த சூப்பைக் கொடுத்தால் சட்டியையே காலி செய்துவிடுவார்கள்.

இன்னும் தை பிறக்க இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் அந்த 'ஒரு ஸ்பூன்' என்பதை மட்டும் திருத்திப் போட்டுவிடுங்கள். இணைப்பில் வருகிற குறிப்பை வெட்டிச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைக்கிறவர்கள் எங்கள் தெருவிலேயே ஐந்தாறு பேர் இருக்கிறார்கள், என் மதினியும் அதில் ஒருவர்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.